விதை மரத்திலேயே முளைப்பதற்குப் பெயர் என்ன?

தொண்டி, உயிரியல் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைக் காரங்காடு அலையாத்திக் காட்டுக்கு அழைத்துப் போகிறேன். கையில் கொடுக்கும் குறிப்பில் ஓர் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. தாய்மரத்தை விட்டு விழுமுன்பே விதை முளைத்துவிடுகிறதே, அந்த விவிபேரிக்குத் தமிழில் என்ன போடலாம்? வியாழன் மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

இராமநாதபுரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, ‘கன்றீனல்’ என்று போடுங்கள். பிள்ளை, குழவி, கன்று, போத்து ஆகிய நான்கையும் ஓரறிவு உயிருக்கும் சொல்லலாம் என்று தொல்காப்பிய மரபியல் இடம் தருகிறது. தென்னம்பிள்ளை, மாங்கன்று எல்லாம் அந்த வழக்குதான். ஈனுதலும் பயிருக்குப் புதிதல்ல, வாழை ஈன்றது என்கிறோம். குழவியையும் எண்ணிப் பார்த்தேன். ‘குழ’ என்றாலே இளமை. குழகு, குழவி, குழந்தை மூன்றும் அதில் கிளைத்தவை. இளந்தளிரைச் சொல்லும் ‘குழை’யையும் அங்கேதான் வைப்பேன். ஆனாலும் ‘குழவியீனல்’ நாவில் நிற்காது.

மண்டபம், கல்லூரி விரிவுரையாளர்:
ஐயா, வாழைதான் சிக்கல். வாழைக்கன்று கிழங்கிலிருந்து வருகிறது. மகரந்தத்துக்கும் சூலுக்கும் அதில் வேலையே இல்லை. பாலிலா இனப்பெருக்கத்துக்கு அதைத்தான் வகுப்பில் காட்டுகிறோம். அலையாத்தி மரமான கண்டலில் பூ கருவுற்று, விதைக்குள் உண்டான கரு உறங்காமல் மரத்திலேயே வளர்கிறது. இரண்டையும் கன்று என்றால் பிள்ளைகள் குழம்புவார்கள். பால்சுறா குட்டி போடும் என்று நம் கரையில் எல்லாருக்கும் தெரியும். விலங்குக்கும் செடிக்கும் பொதுவாகக் ‘குட்டியீனல்’ என்றே வைக்கலாம்.

இராமநாதபுரம்:
மரத்துக்குக் குட்டி மரபில்லை, தம்பி. மாங்கன்று கொட்டையிலிருந்துதானே வருகிறது? கன்று இரண்டுக்கும் பொது.

சாயல்குடி, பனைத் தொழிலில் இருப்பவர்:
அப்போ பனங்கிழங்கு?

மண்டபம்:
சேராது அண்ணே. பழம் விழுந்து, கொட்டையைப் புதைத்த பிறகுதான் அது முளைக்கிறது.

தேவிபட்டினம், மொழிபெயர்ப்பாளர்:
பிள்ளைகள் காரங்காட்டில் பெரும்பாலும் வெண்கண்டலைத்தான் பார்ப்பார்கள். ரைசோஃபோரா என்கிற வேறோர் அலையாத்தி மரத்தில் முருங்கைக்காய் மாதிரி முளை வெளியே தொங்கும், இதில் தொங்காது. தட்டையாக, சாம்பல் பூத்த பச்சையில் ஒரு காய், அவ்வளவுதான். நகத்தால் தோலைக் கீறினால் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்த இரண்டு தடித்த பச்சை வித்திலைகளும், அடியில் மயிரடர்ந்த முளைவேரும் இருக்கும். கரு விதையுறையைத் தாண்டிவிட்டது, கனித்தோலைத் தாண்டவில்லை. எதையும் ஈன்றதாகக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ‘ஈனல்’ எதற்கு? ‘தாய்மர முளைப்பு’ என்று சொன்னால் படகு ஓட்டுகிற அண்ணனுக்கும் புரியும்.

இராமநாதபுரம்:
படகோட்டுபவருக்குக் கன்றும் புரியும், ஈனலும் புரியும். நீங்கள் சொல்வது கலைச்சொல் ஆகாது, விளக்கம். வெண்கண்டலுக்கு ‘மறைகன்றீனல்’ என்று தனியே பிரித்துவிடலாம். வினைத்தொகை, ககரம் மிகாது.

கீழக்கரை, பிழைதிருத்துநர்:
மறைவு என்னும் பொருளில் ‘மறை’யைப் பெயராகக் கொண்டால் மிகுமே ஐயா? மறைக்கன்றீனல்.

இராமநாதபுரம்:
மறைந்த கன்று, மறைகின்ற கன்று, மறையும் கன்று. முக்காலமும் விரிகிறது. வினைத்தொகையேதான்.

தொண்டி:
ஐயா, அம்மா, அண்ணன் எல்லாருக்கும் நன்றி. தனி மடலிலும் சிலர் கன்றீனலையே ஆதரித்தார்கள். கன்றீனல், மறைகன்றீனல் இரண்டையும் போட்டு, அடைப்பில் விவிபேரி சேர்த்திருக்கிறேன். தேர்வில் அந்தச் சொல்லும் வரும். வாழைக்கன்று வேறு என்று அடியில் ஒரு வரி இருக்கிறது. இன்று அச்சுக்குப் போகிறது.

தேவிபட்டினம்:
எனக்கு இன்னும் ஒப்பவில்லை, டீச்சர். அலை ஏறி இறங்கும் உவர்சேற்றில் சாதாரண விதை முளைவிட நேரம் கிடைப்பதே அரிது. இது முளைத்தே விழுவதால் தோல் கழன்றதும் வேர் பிடிக்கிறது. அந்த மரத்துக்குப் பிழைப்பே முளைப்பில்தான் இருக்கிறது, அது பெயரில் வர வேண்டும். அடுத்த பதிப்பிலாவது சேருங்கள்.