அப்பாவின் கண்ணுக்குள் விட்ட சிலிக்கன் ஒயிலை எடுக்கத்தான் வேண்டுமா?

புதுக்குடியிருப்பு மகள்:

வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. மாசி மாதம் காணி துப்புரவாக்கும்போது வளைத்துப் பிடித்த கொப்பு கைநழுவி வலக்கண்ணில் அடித்துவிட்டது. சிவப்பு இரண்டு நாளில் மாறிவிட்டதால் நாங்கள் ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. அப்புறம் மூக்குப் பக்கமிருந்து கறுப்புத் திரை ஒன்று மூடிக்கொண்டு வருகிறது என்றார், அதையும் பன்னிரண்டு நாள் மனதுக்குள் வைத்திருந்துவிட்டுத்தான் சொன்னார். விழித்திரை கழன்றுவிட்டது என்று கொழும்புக்கு அனுப்பி, அங்கே ஒப்பரேசன் செய்து, கண்ணுக்குள் சிலிக்கன் ஒயில் விட்டு, ஒரு கிழமை குப்புறப் படுக்கச் சொன்னார்கள். நான்கு மாதத்தில் வந்து ஒயிலை எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

இப்போது கார்த்திகை, ஒன்பது மாதம். ஆனியில் போனபோது அன்றைக்கு அந்த டொக்டர் இல்லை, திகதி அறிவிக்கிறோம் என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு அழைப்பே இல்லை, நாங்கள் எடுத்தாலும் யாரும் தூக்குவதில்லை. இரவுப் பஸ்ஸில் போய் அடுத்த இரவுப் பஸ்ஸில் வெறுங்கையோடு வந்ததிலிருந்து அப்பாவுக்கு மனம் விட்டுப்போய்விட்டது. "நோவில்லை, கொஞ்சம் தெரியுது, கிடக்கிறது கிடக்கட்டும்" என்கிறார். இப்போது விதைப்பு வேறு.

ஒயிலை எடுத்தால் விழித்திரை திரும்பக் கழன்றுவிடும் என்று பக்கத்து வீட்டு மாமா பயமுறுத்துகிறார். மலைப்பக்கம் போகக்கூடாது, பிளேனில் ஏறக்கூடாது என்று இன்னொருவர். எங்கள் சித்தப்பா வீடு ஹட்டனில், தை மாதம் அங்கே கலியாணம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், நான் ஒரே பிள்ளை, யாரோடு கதைப்பதென்று தெரியவில்லை.

மல்லாவிக்காரன்:

தங்கச்சி, எனக்கு இடக்கண். ஒயில் ஐந்து மாதம் இருந்தது, எடுத்து இரண்டு வருடமாகிறது.

ஒப்பரேசனைப் பற்றி அப்பா பயப்பட வேண்டாம். முதலாவது போல நீண்டதல்ல, என்னை முக்கால் மணித்தியாலத்தில் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். முழுதாக மயக்கவில்லை, கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டு விறைக்க வைத்தார்கள். அந்த ஊசி போடும்போது மட்டும் உள்ளே அழுத்துவது போல இருக்கும். அப்புறம் பேச்சுச் சத்தம் எல்லாம் கேட்கும், கன்னத்தில் குளிர்ந்த தண்ணீர் வழியும், நோ இல்லை. கண்புரையும் வந்திருந்ததால் அதே நேரத்தில் வில்லையையும் மாற்றி வைத்தார்கள். ஒயில் நின்ற கண்ணில் கண்புரை வருவது சாதாரணம்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும்.

எடுத்த அடுத்த நாள் கட்டை அவிழ்த்தபோது பார்வையின் கீழ்ப்பக்கத்தில் சின்னச் சின்னக் கறுப்பு வளையங்கள் உருண்டன. குழம்பின் மேலே எண்ணெய் மிதக்குமே, அந்த மாதிரி, தலையைச் சாய்த்தால் அதுவும் சாயும். நான் உடைந்தே போனேன். மிஞ்சிய ஒயில் துளிகள் அவை, கண்ணின் மேற்பகுதியில் மிதப்பதால் நமக்குக் கீழே தெரிகிறது என்று டொக்டர் சொன்னார். இன்றைக்கும் இரண்டு இருக்கிறது, பழகிவிட்டது.

இன்னொன்று, இப்போது விலை கொடுத்துக் கண்ணாடி செய்து விடாதீர்கள். ஒயில் இருக்கும்போது எனக்குத் தடித்த பிளஸ் கண்ணாடி தந்தார்கள். எடுத்த பிறகு அது ஒன்றுக்கும் உதவவில்லை, இரண்டு மாதம் பொறுத்துத்தான் புதிதாக எழுதித் தந்தார்கள். பதினெட்டாயிரம் ரூபாய் போனது போனதுதான்.

வவுனியா தாதி:

பிள்ளை, நான் கண் வார்டில் வேலை செய்கிறேன். அப்பாவின் கண்ணைப் பார்க்காமல் எடு, எடுக்காதே என்று நான் சொல்ல முடியாது. ஆனால் "நோவில்லை" என்ற அந்தச் சொல்தான் எனக்குப் பயம். கண்ணுக்குள் பிரஷர் மெதுவாகக் கூடினால் நோ வராது. பார்வை ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டு போகும், அப்படிப் போனது திரும்பாது.

ஒயில் தண்ணீரை விட இலேசு. மிதந்து எழும்பி விழித்திரையைச் சுவரோடு ஒட்ட வைத்துக்கொண்டு நிற்கும், அதற்குள் லேசர் சுட்ட இடம் தழும்பாகி இறுகிவிடும். அதோடு அதன் வேலை முடிந்தது. ஒயிலுக்குப் பதிலாக வாயு விட்டால் அது தானாகக் கரைந்து போகும், ஒயில் போகாது, டொக்டர்தான் எடுக்க வேண்டும். அநேகமாக மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுக்கப் பார்ப்பார்கள். கனகாலம் கிடந்தால் தேங்காய் எண்ணெயையும் தண்ணீரையும் போத்தலில் போட்டுக் குலுக்கினது போலப் பொடிப்பொடியாக உடையும், அந்தத் துளிகள் கண்ணின் வடிகாலை அடைத்தால் பிரஷர் ஏறும். சிலருக்குக் கருவிழியின் மேல் விளிம்புக்குள் வெள்ளையாக ஒரு கோடு படிந்திருப்பதை வெளிச்சத்தில் நீங்களே காணலாம். கோடு தெரியவில்லை என்பதற்காக நல்லது என்று நினைத்துவிடவும் கூடாது.

மாமா சொன்னதிலும் உண்மை இருக்கிறது. எடுத்த பிறகு சில கண்களில் மறுபடி கழலும், பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள். முன்பே தழும்பு இழுத்த கண், பலமுறை ஒப்பரேசன் செய்த கண் என்றால் அந்த ஆபத்துக் கூட. பிரஷர் மிகவும் குறைந்து சுருங்கக்கூடிய கண்ணில் டொக்டரே யோசித்து ஒயிலை விட்டுவைப்பதும் உண்டு. அது டொக்டர் பார்த்து எடுக்கும் முடிவு. உங்கள் விடயத்தில் அப்படி ஒருவரும் முடிவெடுக்கவில்லை, திகதிதான் தவறிப்போயிருக்கிறது. கொழும்புத் திகதிக்காகக் காத்திருக்காமல் கிட்டவுள்ள கண் கிளினிக்குக்கு இந்தக் கிழமையே போய்ப் பிரஷர் பாருங்கள், கிளினிக் கொப்பியைக் காட்டி அங்கிருந்தே கடிதம் கேளுங்கள். அப்பாவுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிரஷருக்குக் கொடுக்கும் சில சொட்டு மருந்து அவர்களுக்கு ஆகாது.

மலையும் பிளேனும் வாயு விட்டவர்களுக்குத்தான், உயரத்தில் வாயு விரியும். ஒயில் விரியாது, ஹட்டனுக்குப் போகலாம்.

பரந்தன் சந்தி:

எனக்கு எடுத்து ஆறாவது கிழமை மறுபடி கழன்றது. மறைக்காமல் எழுதுகிறேன். அது ஒப்பரேசனின் பிழை இல்லை, என் கண்ணில் தழும்பு கூட. மின்னல் போல வெட்டியதும் அன்றைக்கே ஓட்டோ பிடித்துப் போனதால் நடுப்பகுதி தப்பியது, திரும்ப ஒயில் விட்டார்கள், இப்போது அதோடுதான் இருக்கிறேன், நான்கு மாதத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்க்கிறார்கள். முகம் தெரியும், பேப்பர் தலைப்பு வாசிப்பேன். ஐயாவிடம் சொல்லுங்கள், எடுத்த பிறகு மின்னலோ பூச்சி பறப்பது போலப் புதிய புள்ளிகளோ திரையோ கண்டால் அன்றைக்கே சொல்ல வேண்டும், முந்தி மாதிரிப் பன்னிரண்டு நாள் வைத்திருக்கக் கூடாது. நெல்லு மூட்டை தூக்கவும் வாய்க்காலில் தலை முழுகவும் டொக்டர் விடும் வரைக்கும் விடாதீர்கள்.

புதுக்குடியிருப்பு மகள்:

எல்லோருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை கிளினிக்குப் போனோம். பிரஷர் 34, சாதாரணமாக 21க்குள் இருக்க வேண்டுமாம். அப்பா அந்த இலக்கத்தைப் பார்த்துவிட்டு வீடு வரும் வரை ஒன்றும் பேசவில்லை. சொட்டு மருந்தும் ஒரு குளிசையும் தந்தார்கள், குளிசை போட்டால் விரல் நுனி விறுவிறுக்கிறது என்கிறார். அங்கிருந்த டொக்டரே கொழும்புக்குக் கதைத்து அடுத்த புதன் வரச் சொல்லிவிட்டார்.

இரவு அப்பா தானாகவே நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் கலண்டரைப் பார்த்தார். ஆனியில் திகதி இலக்கம் தெரிந்தது, இப்போது தாளின் ஓரம் மட்டும்தான் தெரிகிறது என்று சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கொழும்பில் இரண்டு மூன்று நாள் நிற்க இடம் தெரிந்தவர்கள் சொல்லுவீர்களா?

மல்லாவிக்காரன்:

வெள்ளவத்தையில் பார்க்கலாம் தங்கச்சி, தமிழில் கதைத்துச் சமாளிக்கலாம், 100ஆம் இலக்க பஸ்ஸிலும் வரலாம். மேல்மாடி அறை எடுக்காதீர்கள், கட்டோடு படி இறங்குவது கஷ்டம். பழைய கொப்பி, முதல் ஒப்பரேசன் துண்டு, சீனி வருத்தம் இருந்தால் அந்தக் குளிசைகள், எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். விதைப்புக்கு ஆள் இருக்கிறதா?

புதுக்குடியிருப்பு மகள்:

மாமா தான் நின்று விதைக்கிறேன் என்றார் அண்ணை, பயமுறுத்தின அதே மாமாதான். செவ்வாய் இரவுப் பஸ்ஸில் சீட் போட்டாயிற்று.