பழைய புத்தகம் சேகரிக்கும் குழுவில் சேரலாம் என்றிருக்கிறேன். காரைக்குடிப் பக்கம் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தேவகோட்டை மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பிறந்த ஊர் திருப்பூர், கல்யாணமாகி தேவகோட்டைக்கு வந்திருக்கிறேன். காரைக்குடியில் சில நண்பர்கள் சேர்ந்து, வீடுகளில் சும்மா கிடக்கும் புத்தகங்களை வாங்கி, படிக்கிறவர்கள் கையில் சேர்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உதவிக்கு வரச் சொல்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அங்கே என்ன வேலை இருக்கும் என்று தெரியவில்லை. நிறையப் படிப்பேன், அவ்வளவுதான். பழைய புத்தகங்களை எப்படிக் கையாள்வது என்று எதுவும் தெரியாது.

இன்னொன்று. எங்கள் வீட்டு அப்பத்தா காலத்துப் புத்தகங்கள் ரெண்டாம் கட்டு அறையில் மரப்பெட்டிகளில் இருக்கின்றன. "யாராவது படிப்பார்கள் என்றால் கொடுத்துவிடு, எடைக்கு மட்டும் போடாதே" என்கிறார் மாமியார். பங்காளிகளிடமும் கேட்டாகிவிட்டது, யாருக்கும் ஆட்சேபம் இல்லை. இவற்றையும் அந்தக் குழுவிடமே கொடுக்கலாமா?

கண்டனூர் வாசகன்:

தாராளமாகச் சேருங்கள். தயக்கமாக இருந்தால் உங்கள் ஊர் கிளை நூலகத்தில் 'நூலக நண்பர்கள் திட்டம்' பற்றிக் கேட்டுப் பாருங்கள். 2022ல் அரசு தொடங்கியது. நூலகத்துக்கு வரமுடியாத வயதானவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்ப வாங்கிவருவார்கள். யார் என்ன படிக்கிறார்கள் என்று அதில் நன்றாகப் பிடிபட்டுவிடும்.

பைண்டர், கல்லுக்கட்டி:

தங்கச்சி, நான் காரைக்குடியில் பைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கணக்கு நோட்டும் கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்டும்தான் பிழைப்பு. புத்தகம் சேகரிக்கிற வேலையிலும் ரொம்ப வருஷமாக இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் பக்கம் புத்தகம் கிடைப்பது கஷ்டமே இல்லை. பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வீட்டை ஒழிக்கிறார்கள் என்றால் தூண், கதவு, எனாமல் பாத்திரம் எல்லாம் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நல்ல விலைக்குப் போகும். புத்தகத்துக்குத்தான் பழைய பேப்பர் கடை. "வந்து எடுத்துக்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாக்கு சாக்காக வரும். வேலை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. வந்த சாக்கை அப்படியே ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்கி, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் வீட்டு ஒட்டடையை அடித்து அடுத்த வீட்டு முகப்பில் தள்ளுவதுபோல இருக்கிறது அது. யாருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் சாக்கைப் பிரிக்க வேண்டும். நீங்கள் சேருகிற குழு இதைச் செய்கிறதா என்று பாருங்கள். செய்யவில்லை என்றால் அந்த வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நிறையப் படிக்கிறவர்களுக்குத்தான் அது வரும்.

இப்போது உங்கள் பெட்டி. திறந்தவுடன் எல்லாவற்றையும் அள்ளி வெயிலில் போடாதீர்கள். பழைய தாள் வெயிலில் காய்ந்தால் அப்பளமாக நொறுங்கும். வளவில் தாழ்வாரத்து நிழலில், காற்று படுகிற மாதிரி, புத்தகத்தை லேசாக விரித்து நிற்க வையுங்கள். பெயிண்ட் அடிக்கிற மெத்தென்ற பிரஷ் ஒன்று புதிதாக வாங்கி, முதுகுப் பக்கமிருந்து வெளியே பார்த்துத் தூசியைத் தள்ளுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், இது ரொம்ப முக்கியம். கரையான் மண் ஒட்டியிருப்பதைத் தனியாக வையுங்கள். வெள்ளியாகப் பளபளத்து ஓடுகிறதே இராமபாணப் பூச்சி, அது பைண்டிங்கில் இருக்கிற மைதாப் பசையைத் தின்னத்தான் வருகிறது. அதனால்தான் நாங்கள் பசை காய்ச்சும்போது கொஞ்சம் மயில்துத்தம் போடுவோம். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் மட்டும் ஒட்டவே ஒட்டாதீர்கள். நாளாக நாளாகப் பசை பழுத்து எழுத்தையே மறைத்துவிடும். பத்திரிகைகளில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால் மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு நூல் போட்டுத் தைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு புத்தகத்தையும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். ரங்கூனிலிருந்து வந்த கடிதம், கல்யாணப் பத்திரிகை, போட்டோ என்று என்னென்னவோ உள்ளே இருக்கும். அவை வீட்டுக்குச் சொந்தம், வீட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். பேரேடு, இசைகுடிமானம் (நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் திருமண ஒப்பந்தம்), ஓலைச்சுவடி வந்தாலும் அப்படித்தான். யார் வீட்டு விஷயமோ அதில் இருக்கிறது. குடும்பத்தார் சம்மதித்தால் ஆவணக் காப்பகத்துக்குப் போகலாம், குழுவின் சாக்குக்குள் போகக்கூடாது.

மற்றதைப் பிரிக்கும்போது ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தைய பதிப்புகளை ஒதுக்கி வையுங்கள். நம் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் இப்படித்தான் பழைய புத்தகம், நோட்டீஸ், அழைப்பிதழ் எல்லாம் தேடித்தேடிச் சேர்த்தார். 1992ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இப்போது தமிழ் ஆராய்ச்சி செய்கிற யாரும் அதைத் தாண்டிப் போகமுடியாது. அதனால் அட்டை போய்விட்டது, பழுப்பாக இருக்கிறது என்று எதையும் தூக்கிப் போடாதீர்கள். பதிப்பு வருஷத்தைப் பார்த்துவிட்டு, அந்த நூலகத்துக்கோ புதுக்கோட்டை ஞானாலயா ஆய்வு நூலகத்துக்கோ எழுதி, அவர்களிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

உங்கள் அப்பத்தா கல்கி, விகடனில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருக்கிறார்களா? இந்தப் பக்கத்து வீடுகளில் அது நிறையக் கிடைக்கும். படங்களோடு, நடுநடுவே அந்தக் காலத்து சோப்பு விளம்பரத்தோடு இருக்கும். ஓர் ஆச்சி எங்களிடம் அப்படி ஒரு அடுக்கு கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் பென்சிலால் வாரம் வாரம் தேதி போட்டு, எந்த வாரம் இதழ் வரவில்லையோ அங்கே 'விடுபட்டது' என்று எழுதி, பிறகு யாரிடமோ கடன் வாங்கி, விட்ட பகுதியைக் கையாலேயே நகல் எடுத்து நடுவில் தைத்திருந்தார்கள். நீல மை, குண்டு குண்டான எழுத்து. அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரர் இருக்கிறார். அத்தனை பெரிய வீட்டில் ராத்திரியெல்லாம் ஒற்றை ஆள். படிக்க ஏதாவது இருக்கிறதா என்று அவரே கேட்டிருந்தார். அவரிடம் கொடுத்தேன். முடித்துவிட்டு, பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். இப்போது பூட்டிய வீட்டுக் காவல்காரர்கள் நாலைந்து பேருக்குள் அந்த அடுக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. நூலகத்துக்குப் போக நேரமில்லாத, படிக்க ராத்திரி முழுக்க இருக்கிற மனிதர்கள் இவர்கள். இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்தது.

ஒன்றியப் பள்ளி டீச்சர்:

பைண்டர் அண்ணன் சொன்னதோடு நானும் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறேன். பாடப்புத்தகத்தையும் கைடையும் எங்களுக்குத் தராதீர்கள். பிள்ளைகளுக்கு அரசே இலவசமாகப் பாடநூல் கொடுக்கிறது. 2018, 2019ல் பாடத்திட்டமே மாறிவிட்டது, அதற்கு முந்தைய கைடு யாருக்கும் ஆகாது. ஆனால் இப்போதைய ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பாடநூல்களை எறிந்துவிடாதீர்கள். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அதைத்தான் தேடி அலைகிறார்கள்.

எங்களுக்கு வேண்டியது கதை. பெரிய எழுத்து, படம், மெல்லிய புத்தகம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரே மூச்சில் முடித்துவிட்டு "இன்னொண்ணு தாங்க டீச்சர்" என்று கேட்க வேண்டும். அழ. வள்ளியப்பா நம் ராயவரத்துக்காரர். அவர் பாட்டை நான் சொல்லிக்கொடுக்கிறேன், பிள்ளைகள் கையில் வைத்துப் படிக்கத்தான் புத்தகம் போதவில்லை. அம்புலிமாமா, கோகுலம் பழைய இதழ்கள் கந்தலாக இருந்தாலும் கொடுங்கள்.

பள்ளிக்குக் கொடுக்கும் முன் பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். புத்தகம் தொலைந்துவிடும் என்று பயந்து பூட்டியே வைக்கிற இடங்கள் உண்டு. எங்கள் வகுப்பில் கொடிக்கயிறு கட்டி அதில் தொங்கவிட்டிருக்கிறோம். சில புத்தகங்கள் வீட்டுக்குப் போய்த் திரும்பவில்லை. போகட்டும், அந்த வீட்டில் அது ஒன்றுதான் புத்தகமாக இருக்கும்.

தேவகோட்டை மருமகள்:

ரொம்ப நன்றி அண்ணே, டீச்சர். நேற்று முதல் பெட்டியைத் திறந்தோம். பைண்டு செய்த தொடர்கதைகள் இருக்கின்றன! மாமியார் அங்கேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டார், அதனால் அவை இப்போதைக்கு வெளியே போகாது. தடித்தடியாக 'கலைக்களஞ்சியம்' என்று சில தொகுதிகளும் இருக்கின்றன, முழு செட் இல்லை. இதை யார் வாங்குவார்கள்? திருப்பூரில் என் தோழி ஒரு சின்ன நூலகம் நடத்துகிறாள், அவளுக்குச் சில நாவல்கள் அனுப்பவேண்டும். கூரியரில் விலை அதிகம் சொல்கிறார்கள்.

பைண்டர், கல்லுக்கட்டி:

அம்மா படித்து முடிக்கட்டும், அவசரமே இல்லை.

நாவல்களைத் தபால் நிலையத்தில் 'ஞான் போஸ்ட்' என்று கேட்டு அனுப்புங்கள். புத்தகங்களுக்கென்று 2025 மே மாதம் வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகத்தான் போகும், கொஞ்சம் மெதுவாகச் சேரும். வார, மாத இதழ்களை மட்டும் அதில் எடுக்கமாட்டார்கள்.

கலைக்களஞ்சியம் பெரியசாமித் தூரன் பதிப்பாசிரியராக இருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954லிருந்து 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் படிக்கக் கிடைக்கிறது. ஆனாலும் தாளில் வைத்துப் புரட்ட ஆசைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாகப்பிரிவினையில் இந்தப் பக்கம் அநேகமாக எல்லா செட்டும் உடைந்திருக்கிறது. ஒரு வீட்டில் இரண்டும் ஐந்தும் இருக்கும், இன்னொரு வீட்டில் ஒன்று மட்டும் இருக்கும். நாங்கள் உதிரித் தொகுதிகளை வாங்கி வாங்கி ஒரு முழு செட் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரு கிராமத்து ஊர்ப்புற நூலகத்துக்கு என்று பேசி வைத்திருக்கிறது. நான்காவதும் ஏழாவதும் இன்னும் கிடைக்கவில்லை. உங்கள் பெட்டியில் என்னென்ன எண் இருக்கிறது, முதுகைப் பார்த்துச் சொல்லுங்கள்.