நெருப்புநரி 3க்கு மாறலாமா, 2லேயே இருந்துவிடலாமா?

ஒட்டுத்தாள் (19 ஜூலை 2008)

வணக்கம். மதுரையில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். இருப்பது ஒரே கணினி, எக்ஸ்பி, 256 எம்பி ரேம். இணையம் பார்க்க ஒன்றரை வருடமாக நெருப்புநரி (ஃபயர்பாக்ஸ்) உலாவியின் 2ஆம் பதிப்புதான். போன மாதம் 17ஆம் தேதி 3 வந்ததிலிருந்து ஆளாளுக்கு "இறக்கியாச்சா, இறக்கியாச்சா" என்று உயிரை எடுக்கிறார்கள். ஒரே நாளில் 80 லட்சம் இறக்கம், கின்னஸ் சாதனையாம். இருக்கட்டும், அதற்காக நான் மாற முடியுமா?

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வலைப்பதிவு மேய்வது வழக்கம். பாதிப் பேர் பத்தியை இரண்டு பக்கமும் நூல் பிடித்த மாதிரி ஜஸ்டிஃபை செய்து வைத்திருக்கிறார்கள், நரி 2ல் திறந்தால் "கொ" என்பது கொம்பு தனி, க தனி, கால் தனி என்று ஆளுக்கொரு திசையில் நிற்கிறது, நடுநடுவே புள்ளி வட்டம் வேறு. இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு செய்த பதிவு நன்றாகவே தெரிகிறது. அதே ஜஸ்டிஃபை பக்கம் எக்ஸ்ப்ளோரரிலும் ஒழுங்காக வருகிறது. 3ல் இது சரியாகிவிட்டது என்கிறார்களே, உண்மையா?

பயம் ஆட்-ஆன்களை, அதாவது உலாவியோடு ஒட்டவைக்கும் குட்டி நிரல்களை, நினைத்துத்தான். பழைய எழுத்துருவில் இருக்கும் செய்தித் தளங்களை யூனிகோடாக்கிப் படிக்க பத்மா, தட்டச்சுக்குத் தமிழ்விசை, இன்னும் ஐந்தாறு இருக்கின்றன. அவை படுத்துவிட்டால் திரும்ப 2க்கு வர முடியுமா? போன வருடம் ஒரு மென்பொருளைப் புதுப்பிக்கப் போய், கல்யாணப் பத்திரிகை ஃபைல் ஒன்றுகூடத் திறக்காமல், முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பெண் வீட்டார் கடை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதிலிருந்து "அப்டேட்" என்று எவன் சொன்னாலும் வயிற்றைக் கலக்குகிறது.

மொட்டைமாடி

உண்மைதான், தைரியமாக மாறுங்கள். நரி 2 ஜஸ்டிஃபை செய்யும்போது கொம்பு, மெய், கால் எல்லாம் சேர்ந்து ஒரே எழுத்து என்று பார்க்காமல் துணுக்குத் துணுக்காக இடைவெளி விட்டுவிடும், அதுதான் அந்தக் கூத்து. 3ல் எழுத்தை வரையும் பகுதியையே மாற்றிவிட்டார்கள். நான் நிறுவியதும் முதலில் திறந்தது என்னுடைய பதிவைத்தான். இரண்டு வருடமாக "உங்க பக்கம் நரியில படிக்க முடியல, ஜஸ்டிஃபையை எடுங்க" என்று பின்னூட்டம் போட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லலாம் போல இருந்தது.

ரேம் விஷயத்திலும் 3 தேவலை. இருபது டேப் திறந்து சாயங்காலம் வரை வைத்திருந்தால் 2 தின்றதைத் திருப்பித் தராது, மூடித் திறந்தால்தான் வழிக்கு வரும். 3ல் டேப்பை மூடினால் நினைவகம் பெரும்பாலும் திரும்பி வருகிறது. 256 எம்பிக்காரர் நீங்கள்தான் இதை முதலில் கவனிப்பீர்கள்.

பழையசோறு

எதற்கு இந்த அவசரம் என்று கேட்கிறேன். எதிலும் முதலில் வரும் 'புள்ளி பூஜ்யம்' பதிப்பை நான் தொடவே மாட்டேன், 16ஆம் தேதி 3.0.1 வந்த பிறகுதான் அலுவலகத்தில் போட்டேன், அதிலும் இரண்டு விஷயம் எரிச்சல்.

எங்கள் அலுவலக உள் தளம் எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பு இணைப்பு), ஆனால் தளம் இன்னாருடையது என்று சொல்லும் சான்றிதழ் நாங்களே போட்டுக்கொண்டது. 2ல் ஒரு பெட்டி வரும், ஓகே அழுத்தினால் போய்விடலாம். 3ல் பக்கம் முழுக்க எச்சரிக்கை, விதிவிலக்கு சேர், சான்றிதழை எடு, உறுதி செய் என்று வரிசையாக அழுத்த வேண்டும். பாதுகாப்புக்கு நல்லதுதான், மறுக்கவில்லை, ஆனால் நாற்பது பேருக்கு நான்தான் மேஜை மேஜையாகப் போய் அழுத்திக் கொடுத்தேன்.

அடுத்தது அந்த முகவரிப் பட்டை. 2ல் முகவரியின் தொடக்கத்தை மட்டும்தான் பார்க்கும். இப்போது பக்கத்தின் தலைப்பு, குறித்து வைத்தது, முன்பு போன இடம் எல்லாவற்றையும் துழாவிக் கொண்டுவந்து கொட்டுகிறது. மேலாளர் பக்கத்தில் நிற்கும்போது ஒரு எழுத்துதான் தட்டினேன், நேற்று ராத்திரி பார்த்த வேலை தேடும் தளம் தலைப்போடு முதல் வரியில் வந்து நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார்.

ஜன்னல்98

என் பெட்டி விண்டோஸ் 98. 3 அதில் ஓடாது. கவலை விட்டது :)

ஸ்க்ரூடிரைவர்

ஒட்டுத்தாள், மாறுவதா வேண்டாமா என்று இப்போதே முடிவெடுக்க வேண்டியதில்லை, இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே புரொஃபைலில் (உங்கள் அமைப்பு, புக்மார்க், ஆட்-ஆன் எல்லாம் இருக்கும் ஃபோல்டர்) இரண்டையும் ஓட்டாதீர்கள். 3 புக்மார்க்குகளையும் வரலாற்றையும் ஸ்க்யூலைட் என்ற தரவுத்தளக் கோப்பு ஒன்றில் வைக்கிறது, 2க்கு அது புரியாது. 3ல் ஒரு மாதம் சேர்த்த புக்மார்க் எதுவும் 2க்குத் திரும்பினால் அங்கே இருக்காது.

முதலில் அப்ளிகேஷன் டேட்டாவில் மொசில்லா ஃபோல்டரை முழுசாக ஒரு சிடியில் எழுதிவிடுங்கள். நிறுவும்போது 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்து வேறு ஃபோல்டர் கொடுங்கள், முடிந்ததும் தானாகத் திறக்க விடாதீர்கள். அப்புறம் 3க்கான ஷார்ட்கட்டில் வலது சொடுக்கி, டார்கெட் வரியின் கடைசியில், மேற்கோள் குறிக்கு வெளியே, ஓர் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடு, ஒட்டினாற்போல் ஆங்கிலப் பெரிய எழுத்து 'பி' (-P) சேருங்கள். திறந்ததும் எந்தப் புரொஃபைல் என்று கேட்கும், புதிதாக ஒன்று உருவாக்குங்கள். 2 திறந்திருக்கும்போது 3ஐத் தொடாதீர்கள், அவ்வளவுதான்.

ஆட்-ஆன்களுக்கு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 3.0 வரை என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஆட்-ஆன் வரும் எக்ஸ்பிஐ கோப்பு வெறும் ஜிப்தான், உள்ளே எந்தப் பதிப்பு வரை என்று ஒரு வரி இருக்கும், அதைத் திருத்தி ஓட்டுகிறவர்களும் உண்டு. சிலது ஓடும், சிலது நரியையே கவிழ்க்கும். கடைக் கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

இன்னொன்று, 2க்குப் பாதுகாப்புத் திருத்தம் டிசம்பர் நடுவோடு நிற்கப்போகிறது. நெட் பேங்கிங் எல்லாம் பார்க்கிறீர்கள் என்றால் அதற்குள் மாறத்தான் வேண்டும், ஐந்து மாதம் இருக்கிறது, நிதானமாகப் பாருங்கள்.

ஒட்டுத்தாள் (23 ஜூலை 2008)

ஸ்க்ரூடிரைவர் அண்ணே, நன்றி. நேற்று ராத்திரி கடையை அடைத்துவிட்டு நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன். இறக்க ஏழு எம்பிதான், ராத்திரி இரண்டு மணிக்குத் தொடங்கும் இணைய இலவச நேரத்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

கொம்பும் காலும் ஒட்டிக்கொண்டன. அழுது தொலைத்த அந்தப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன், அச்சடித்த மாதிரி நிற்கிறது. கன்ட்ரோல், பிளஸ் அழுத்தினால் எழுத்து மட்டுமல்ல, படமும் சேர்ந்து பெரிதாகிறது, அந்தத் தளத்துக்கு அடுத்த முறை போனாலும் அதே அளவில் நிற்கிறது. எனக்குக் கண்ணாடி போட்ட கண், இதைப் பற்றி ஏன் யாரும் சொல்லவில்லை?

ஆட்-ஆன்களில் இரண்டு சேரவே மாட்டேன் என்கின்றன. தட்டச்சுக்கு இ-கலப்பை என்ற தனி மென்பொருள் இருக்கிறது, அது எந்த உலாவியிலும் ஓடும், அதனால் அந்தக் கவலை இல்லை. செய்தித் தளத்துக்கு மட்டும் இப்போதைக்கு 2ஐத் திறந்துகொள்கிறேன்.

பழையசோறு சொன்ன முகவரிப் பட்டையை நம்பாமல் ஒரு சோதனை பார்த்தேன். அப்புறம் பையனிடம், வாடிக்கையாளர் பக்கத்தில் இருக்கும்போது அதில் எதையும் தட்டாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.