மொட்டை மாடி வெந்நீர் அமைப்புக்கு சாஃப்ட்னர் தேவையா?

மூன்றாம்மாடி (திருவொற்றியூர்):
எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள் உள்ளன. மொட்டை மாடியில் பொதுவான சூரிய வெந்நீர் அமைப்பு ஒன்று ஆறு ஆண்டுகளாக இயங்குகிறது. அதுபோக வீட்டுக்கு வீடு கீசரும் உண்டு. இரண்டுக்கும் போர் தண்ணீர்தான் போகிறது. மெட்ரோ தண்ணீர் தனி சம்பில் விழுந்து சமையலறைக்கு மட்டும் செல்கிறது. அண்மையில் போர் தண்ணீரைப் பரிசோதித்ததில் மொத்தக் கடினத்தன்மை (கால்சியம், மக்னீசிய உப்புகளின் அளவு) லிட்டருக்கு 620 மி.கி. என்றும், டி.டி.எஸ். (கரைந்துள்ள எல்லா உப்புகளின் மொத்த அளவு) 1900 என்றும் வந்தது. ஐ.எஸ். 10500 தரநிலை 200 மி.கி. கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. நாங்கள் அதையும் தாண்டிவிட்டோம்.

மொத்தக் குடியிருப்புக்கும் சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் கருவி) பொருத்த ஒரு விற்பனையாளர் 1,60,000 ரூபாய் கேட்கிறார். கீசர் மின்செலவில் கால் பங்கு குறையும் என்பது அவர் வாக்கு. இங்கிலாந்தில் வசிக்கும் என் மகளும், அங்கே வீடு முழுவதையும் சூடாக்கும் குழாய் அமைப்பில் மருந்து கலக்காமல் விட்டால் எரிவாயுக் கட்டணம் ஏறிவிடும் என்கிறாள். குளிர்நாட்டில் அவ்வளவு அக்கறை எடுக்கிறார்கள் என்றால், இந்த உப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு நாம் சும்மா இருப்பது சரியா? வாங்கிவிடலாம் என்பதே என் கருத்து.

மணலிக் கொதிகலன்:
ஐயா, தொழிற்சாலைக் கொதிகலன்களுக்கு நீர் பக்குவம் பார்ப்பதிலேயே என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. அந்த உரிமையில் சொல்கிறேன், இங்கே இரண்டு வேறு நோய்களுக்கு ஒரே மருந்து எழுதப்படுகிறது. தங்கள் மகள் வீட்டில் இருப்பது மூடிய சுற்று. கொதிகலனுக்கும், அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் இடையே ஒரே தண்ணீர்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றி வருகிறது. அதில் உள்ள சுண்ணாம்பு ஒருமுறை படிந்தால் அத்தோடு சரி, புதிதாக வருவதற்கு வழியில்லை. அங்கே உண்மையான எதிரி துரு. எஃகு ரேடியேட்டர்களின் உட்புறம் அரித்து, மேக்னடைட் என்னும் கறுப்புச் சேறாகி, ரேடியேட்டரின் அடியில் தங்கி, வெப்பம் அறைக்கு வருவதைத் தடுக்கிறது. அதைத் தடுக்கத்தான் அரிப்புத் தடுப்பானும் காந்த வடிகட்டியும் வைக்கிறார்கள். பிரிட்டனின் பி.எஸ். 7593 நெறிமுறை 2019-இல் திருத்தப்பட்டபோது, தடுப்பானின் அளவை ஆண்டுதோறும் சோதிக்குமாறு பரிந்துரைத்தது. அந்த மருந்தை நாம் குளிக்கும் தண்ணீரில் கலக்கவே முடியாது.

இன்னொன்று, ஐ.எஸ். 10500 குடிநீருக்கான அளவுகோல். கீசருக்கு எது நல்லது என்று அது சொல்வதில்லை.

மூன்றாம்மாடி (திருவொற்றியூர்):
மூடிய சுற்று, திறந்த சுற்று என்ற வேறுபாட்டை ஏற்கிறேன். ஆனால் அது என் பக்கத்தைத்தானே வலுப்படுத்துகிறது? எங்களிடம் நாள்தோறும் புதுத் தண்ணீர் வருகிறது. சூரிய வெந்நீர் நாளொன்றுக்கு 1500 லிட்டர் செலவாகிறது என்றால், 620 மி.கி. கணக்கில் ஒரே நாளில் 930 கிராம் கடினப்பொருள் அந்தக் குழாய்களைக் கடந்து போகிறது. அதில் நூற்றில் ஒரு பங்கு தங்கினாலும் ஆறு ஆண்டுகளில் என்ன ஆகியிருக்கும்?

மணலிக் கொதிகலன்:
கடந்து போவது வேறு, படிவது வேறு. பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும் கால்சியம்தான் தண்ணீர் சூடேறும்போது கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு, கால்சியம் கார்பனேட்டாகச் சுவரில் ஒட்டுகிறது. குளோரைடாக இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் கீசரின் வெப்பத்தில் கரைந்தபடியே வெளியேறிவிடும். மீஞ்சூர் தொடங்கி நம் கடலோரம் நெடுகிலும் நிலத்தடியில் கடல்நீர் ஊடுருவியிருப்பதால், தங்கள் 620-இல் பெரும்பகுதி குளோரைடைச் சார்ந்ததாக இருக்கலாம் என்று ஐயுறுகிறேன். பைகார்பனேட்டின் அளவைக் காட்டும் காரத்தன்மை எவ்வளவு என்று பரிசோதனைத் தாளில் பாருங்கள். அந்த எண் தெரியாமல் படிவைப் பற்றிப் பேசுவது வீண்.

கால் பங்கு மின்செலவு என்ற வாக்குறுதியையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் ஊரில் குழாய்த் தண்ணீரே 28 பாகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 15 லிட்டரை 50 பாகைக்கு ஏற்ற 0.38 யூனிட் போதும். 2000 வாட் கீசர் அதைப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிடும். கீசரின் எலிமெண்ட், அதாவது சூடாக்கும் கம்பி, தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறது. அதன்மீது படிவு இருந்தாலும், வெப்பம் கடைசியில் தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும், வேறு போக்கிடம் கிடையாது. எரிவாயுக் கொதிகலனில் அப்படியல்ல. படிவு தடுத்த வெப்பம் புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும். விற்பனையாளர் சொல்லும் கால் பங்கு அப்படிப்பட்ட கொதிகலன்களைப் பற்றிய பேச்சிலிருந்து வந்திருக்க வேண்டும்.

பெரம்பூர்_ஸ்பேனர்:
கீசர் பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால் குறுக்கிடுகிறேன். கொதிகலன் ஐயா சொல்வதில் மின்கணக்கு சரிதான், ஆனால் பணக்கணக்கு விட்டுப்போயிற்று. படிவு மூடிய எலிமெண்ட் தன் சூட்டை வெளியே தள்ள முடியாமல் உள்ளுக்குள் கொதித்துப் பிளந்துவிடுகிறது. மின்கட்டணம் ஏறாது, எலிமெண்ட் மாற்றும் செலவுதான் ஏறும். அதே நேரத்தில் சாஃப்ட்னர் வைத்த வீடுகளிலும் தொட்டி அரித்துப் போவதைப் பார்க்கிறேன். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. குளோரைடு அப்படியே இருக்கிறது, டி.டி.எஸ். இம்மியும் குறைவதில்லை. தொட்டியைக் காப்பதற்காக உள்ளே இருக்கும் மக்னீசியத் தண்டை அந்த உப்பு தின்றுகொண்டேதான் இருக்கும். அந்தத் தண்டு என்ற ஒன்று இருப்பதே பாதி வீடுகளில் தெரியாது.

ஆனால் சூரிய அமைப்பைக் கீசரோடு சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள். கண்ணாடிக் குழாயில் சூடான தண்ணீர் மேலேறி, குளிர்ந்த தண்ணீர் கீழிறங்கித்தான் அந்த அமைப்பே ஓடுகிறது. மே மாதத்தில் யாரும் வெந்நீர் எடுக்காமல் இருக்கும் நாட்களில் உள்ளே வெப்பம் எகிறி, குழாயின் அடியில் படிவு கெட்டியாக உட்கார்ந்துவிடும். ஓட்டம் மந்தமானால், கிடைத்த வெயில் தொட்டிக்குப் போகாமல் வெளியிலேயே கழிந்துவிடும். இங்கே செயல்திறன் நிச்சயமாகக் குறையும். மொத்தக் குடியிருப்புக்கும் வேண்டாம், மாடிக்குப் போகும் ஒரு குழாய்க்கு மட்டும் சிறிய சாஃப்ட்னர் போடுங்கள்.

இரண்டாம்மாடி (திருவொற்றியூர்):
நான் இதே குடியிருப்பில் வசிப்பவள், சங்கக் கணக்கையும் பார்ப்பவள். சாஃப்ட்னர் தின்னும் உப்பைப் பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. 930 கிராம் கடினப்பொருளை நீக்க, சாஃப்ட்னருக்குள் அதைப் பிடித்துவைக்கும் பிசினைக் கழுவிப் புதுப்பிக்க வேதியியல் கணக்கிலேயே ஒரு கிலோவுக்கு மேல் உப்பு வேண்டும். நடைமுறையில் இரண்டு கிலோவுக்குக் குறையாது. மொத்தக் குடியிருப்புக்கும் என்றால், நாளொன்றுக்கு 12,000 லிட்டர் என்று வைத்தால்கூட, அது பதினாறு கிலோவைத் தொடும். அந்த மூட்டையைத் தினமும் மாடியேற்றப் போவது யார்? கழுவிய உப்புநீர் போய்ச்சேரும் இடம் எது? ஏற்கெனவே உப்பேறிய நிலத்திலா?

மெட்ரோ தண்ணீரை மாடி வெந்நீர்த் தொட்டிக்குத் திருப்பிவிட்டால் போதும் என்பது என் யோசனை. புழல் ஏரி நீரோ, 2010-இல் தொடங்கிய மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் நீரோ, எதுவாயினும் நம் போர் தண்ணீரைவிட மென்மையானது. நமக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது சில அடிக் குழாயும் ஒரு வால்வும்தான்.

மூன்றாம்மாடி (திருவொற்றியூர்):
அம்மா, 2019 கோடையை மறந்துவிட்டீர்களா? ஏரிகள் வறண்டு, லாரிக்காகக் குடத்தோடு நின்றோம். அப்போது சமையலுக்கே இல்லாத தண்ணீரை மாடிக்கு ஏற்றியிருக்க முடியுமா?

இரண்டாம்மாடி (திருவொற்றியூர்):
மறக்கவில்லை ஐயா. அந்தக் கோடையில் வெந்நீர் கேட்டவர் யாரென்றும் எனக்கு நினைவிருக்கிறது; ஒருவரும் இல்லை. நமக்கு வெந்நீர் வேண்டியிருப்பது பெரும்பாலும் கார்த்திகை முதல் மாசி வரைதான், மழை பெய்து ஏரியில் தண்ணீர் இருக்கும் காலம் அது. மற்ற மாதங்களில் குழாய்களைப் போர்வையால் மூடிவைத்தால் படிவும் குறையும்.

மணலிக் கொதிகலன்:
விவாதத்தை நீட்டுவதற்கு முன் ஒரு குழாயைக் கழற்றி, அடியில் இருப்பதைச் சுரண்டி, எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் அது கார்பனேட்.

மூன்றாம்மாடி (திருவொற்றியூர்):
இன்று காலை பிளம்பரை வைத்துக் கழற்றினோம். அடியில் விரல் கனத்துக்கு வெள்ளைப் படிவு இருந்தது. சாறு பட்டதும் நன்றாகவே நுரைத்தது. பரிசோதனைத் தாளில் காரத்தன்மை 310 என்றிருக்கிறது. நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

மணலிக் கொதிகலன்:
அப்படியானால் என் ஐயம் பாதிதான் சரி. 620-இல் 310 வரை படியக்கூடியதே, மீதிதான் படியாதது. மாடிக் குழாய்க்குப் பரிகாரம் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதலில் எல்லாக் குழாய்களையும் சிட்ரிக் அமிலத்தால் கழுவிவிடுங்கள். அதன்பின் அம்மா சொல்லும் வால்வா, பெரம்பூர்க்காரர் சொல்லும் சிறிய சாஃப்ட்னரா என்பதைச் சங்கம் முடிவு செய்யட்டும். ஆனால் 1,60,000 ரூபாய்க்கான அந்தத் தாளில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம்.

பெரம்பூர்_ஸ்பேனர்:
கழுவும்போது கீசர்களின் மக்னீசியத் தண்டையும் வெளியே எடுத்துப் பார்த்துவிடுங்கள். ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தால் அங்கே வெறும் கம்பிதான் மிஞ்சியிருக்கும்.