மஞ்சளில் முக்கியெடுத்த நூல் வெளுத்துப் போகிறதே?

பினாங்கு ஜார்ஜ்டவுனிலிருந்து எழுதுகிறேன். பேத்திக்குக் குரோஷேயில் (கொக்கி ஊசிப் பின்னல்) யானைப் பொம்மை பின்னினேன். வெள்ளைப் பருத்தி நூலை நானே மஞ்சள் தண்ணீரில் கொதிக்க வைத்து முக்கினேன். ஜன்னலோரம் வைத்த மூன்றே வாரத்தில் முதுகு வெளிறிவிட்டது, வயிறு மட்டும் பளிச்சென்று இருக்கிறது. துணி சோப்பில் அலசினால் செம்மண் நிறம் வேறு. எங்கே தவறு?

பதில்:
அக்கா, தவறு உங்களுடையது இல்லை. மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. சோப்பில் காரம் இருப்பதால் சிவக்கிறது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமம் ஆவது போலத்தான். வெங்காயத் தோலுக்கு மாறுங்கள், இதைவிட நன்றாக நிற்கும். ஆனால் பருத்திக்குச் சாயம் சுலபமாக ஒட்டாது. முதலில் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, காயவிட்டு, பிறகு படிகாரத் தண்ணீர், கடைசியில் சாயம். லிட்டில் இந்தியா நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் கேட்டுப் பாருங்கள். சாயத்தில் போட நூலைச் சிட்டமாக (வளையக் கட்டாக) கட்டும்போது நாலு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் அந்த இடத்தில் வெள்ளைப் பட்டை விழும்.

பதில்:
நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ். பொம்மைக்கு நூலின் அட்டையில் போட்டதைவிடச் சின்ன ஊசி எடுங்கள், இல்லையென்றால் உள்ளே அடைத்த பஞ்சு எட்டிப் பார்க்கும். நூலையும் நீங்களே நூற்கப் பழக ஆசையா? கம்பளியில் தொடங்குங்கள். பருத்தி இழை குட்டை. தொங்கும் தக்களியில் (நூல் நூற்கும் கைக்கதிரில்) அறுந்துகொண்டே இருக்கும். பருத்திக்குத் தக்களியைக் கிண்ணத்தில் நிறுத்திச் சுழற்ற வேண்டும்.

கேட்டவர்:
வெங்காயத் தோல் இன்றே சேர்க்கத் தொடங்கிவிட்டேன், தம்பி. யானைக்குப் புது முதுகு பின்னுகிறேன்.