புதுப்பிப்பு: பி.எஃப். விலகல் தேதி ஏறிவிட்டது

கங்கைகொண்டான் சிப்காட்டில் விட்ட வேலைக்கு நிறுவனம் விலகல் தேதி போடவில்லை, அதனால் பழைய பி.எஃப். பணத்தைப் புதுக் கணக்குக்கு மாற்றுவது நிற்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். முடிந்தது, எல்லாருக்கும் நன்றி. பலித்தது, "நீங்களே போடலாம்" என்ற பாளையங்கோட்டை அண்ணாச்சியின் யோசனைதான். நிறுவனத்துக்கு அனுப்பிய மெயிலெல்லாம் வீண்.

பி.எஃப். அமைப்பின் (இபிஎஃப்ஓ) உறுப்பினர் தளத்தில் யூஏஎன் (நம்ம பி.எஃப். அடையாள எண்) போட்டு நுழைந்து 'மேனேஜ்', அதில் 'மார்க் எக்ஸிட்'. பழைய பி.எஃப். கணக்கைத் தேர்ந்து, தேதியும் காரணமும் கொடுத்தால் ஆதாரில் உள்ள மொபைலுக்கு ஓடிபி வரும். நிறுவனம் கட்டிய கடைசிச் சந்தாவுக்குப் பின் 2 மாதம் கழிந்திருக்க வேண்டும்.

எதிர்பாராதது: ராஜினாமா கடிதத் தேதி செல்லாது. நோட்டீஸ் காலம் அடுத்த மாதத்துக்கு நீண்டிருந்ததால் கடைசிச் சந்தாவும் அந்த மாதம்தான் விழுந்தது. கடைசிச் சந்தா விழுந்த மாதத்துக்குள் வரும் தேதிதான் ஏறும். பி.எஃப். பாஸ்புக்கில் அது எந்த மாதம் என்று பார்த்துவிட்டுப் போடுங்க, ஒருமுறை ஏறினால் நாமே திருத்த வழியில்லை. 'சர்வீஸ் ஹிஸ்டரி'யில் தேதி தெரிந்த பிறகே பி.எஃப். மாற்றத்துக்கு விண்ணப்பம் போட்டேன்.