65 வயது தாண்டிய எல்லோருக்கும் வார்டில் டெலிரியம் (உடல்நலக் கோளாறால் திடீரென வரும் மனக்குழப்பம்) ஸ்கிரீனிங் தேவையா?

வார்டு இன்சார்ஜ்:
என் கருத்து இது. பொது மருத்துவ வார்டிலும் எலும்பு முறிவு வார்டிலும் சேரும் 65 வயது தாண்டிய எல்லோருக்கும் முதல் 24 மணி நேரத்துக்குள் 4ஏடி (4AT) என்ற நான்கு பகுதி டெலிரியம் சோதனையைப் போட்டு, மதிப்பெண்ணை கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். இரண்டு நிமிட வேலை. கத்துகிறவரும் டிரிப்ஸைப் பிடுங்குகிறவரும் யார் கண்ணுக்கும் தப்புவதில்லை. ஊட்டிய இட்லியை வாயிலேயே வைத்துக்கொண்டு கண் சொருகிக் கிடக்கிறாரே, அவருக்குத்தான் 'அமைதியாக உறங்குகிறார்' என்று குறிப்பு எழுதப்படுகிறது. அதுவும் டெலிரியம்தான், அடங்கிய வகை.

பொது மருத்துவர்:
எதிர்க்கிறேன் சிஸ்டர். பாசிட்டிவ் வந்தால் பல வார்டுகளில் அடுத்து நடப்பது என்ன? டூட்டி டாக்டருக்கு போன், ஆளை அடக்க ஹேலோபெரிடால் ஊசி, கட்டில் கம்பியோடு இரண்டு கையும் கட்டு. பிரிட்டனின் எடின்பரோ, பிராட்ஃபோர்ட், ஷெஃபீல்டில் 70 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், 4ஏடி டெலிரியம் உள்ளவர்களில் 76 சதவீதம் பேரைப் பிடித்தது. இல்லாதவர்களில் 94 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியது. நூறு பேரில் 12 பேருக்கு டெலிரியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 பேர் பிடிபடுவார்கள், 3 பேர் தப்புவார்கள், இல்லாத 5 பேர் தவறாகச் சிக்குவார்கள். அந்த 5 பேருக்கும் ஊசியா?

அந்த நேரத்தைத் தடுப்புக்குக் கொடுங்கள். அமெரிக்காவின் யேல் மருத்துவமனையில் 852 பேரிடம் செய்து 1999இல் வெளியான தடுப்பு ஆய்வில் டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9 ஆகக் குறைந்தது. கண்ணாடி, காது மெஷின், தண்ணீர், எழுப்பி நடக்கவைப்பது, இரவில் தூங்கவிடுவது என எல்லாம் எளிய வேலைகள். அதே ஆய்வில், டெலிரியம் வந்துவிட்ட பிறகு அதன் தீவிரம் குறையவில்லை என்பதையும் பாருங்கள்.

வார்டு இன்சார்ஜ்:
தடுப்பு வேண்டும் என்பதில் சண்டையே இல்லை டாக்டர். ஆனால் அதே 2019 ஆய்வில் ஒப்பிட்ட சிஏஎம் (CAM) என்ற இன்னொரு டெலிரியம் சோதனை முறை 40 சதவீதம் பேரைத்தான் பிடித்தது. கருவியே இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஊசி போடுவது ஊசி போடுகிறவர் தவறு. அதற்காகக் கண்டுபிடிப்பதை நிறுத்த முடியாது. பாசிட்டிவ் என்றால் அது நோயின் பெயர் இல்லை, காரணத்தைத் தேடு என்ற உத்தரவு. முதலில் விரலில் சுகர். கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை போடும் முதியவர் இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தால், சுகர் இறங்கிக் குழம்ப அதுவே போதும். பிறகு ஆக்சிஜன் அளவு, காய்ச்சல், அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சிறுநீர் தேங்கியிருக்கிறதா, கடைசியாக எப்போது மலம் போனது, வலி. அதற்கடுத்து சோடியம், குறிப்பாகத் தயாசைடு வகை பி.பி. மாத்திரை எடுப்பவர்களுக்கு, அது சோடியத்தைக் குறைக்கலாம்.

கிராமத்து வார்டிலிருந்து ஒருவர்:
எனக்கு வேறு சந்தேகம். பள்ளிக்கூடமே போகாத பாட்டியிடம் பிறந்த தேதி, நடப்பு ஆண்டு, டிசம்பரிலிருந்து மாதங்களைத் தலைகீழாக என்று கேட்டால் எல்லாப் பாட்டியும் பாசிட்டிவ் ஆகிவிடுவார்களே?

செவிலியர் பயிற்றுநர்:
ஆகமாட்டார்கள், மதிப்பெண்ணைச் சரியாகப் போட்டால். 4 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் பாசிட்டிவ். வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், ஆண்டு ஆகிய நான்கு கேள்விகளில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் 2. மாதங்களில் 7 சரியாகச் சொல்லாவிட்டாலும், சொல்ல மறுத்தாலும் 1. ஆக மொத்தம் 3. விழிப்பு சரியாக இருந்து, திடீர் மாற்றமும் இல்லாதவர் 4ஐத் தொடவே மாட்டார். 1 முதல் 3 வரை வந்தால் நாள்பட்ட நினைவுக் குறைவு இருக்கலாம் என்று பொருள், பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

கோளாறு நடக்கும் இடம் வேறு. மாதம் தெரியாதவருக்கு 'சோதிக்க முடியவில்லை' என்று 2 போட்டுவிடுகிறார்கள். அந்த 2, உடல் முடியாமலோ மயக்கத்திலோ கவனம் கொடுக்கவே இயலாதவருக்கு மட்டும். இந்த ஒரு மதிப்பெண்ணால்தான் 3 என்பது 4 ஆகிறது.

அடுத்தது விழிப்பு. தூங்குபவரைத் தோளில் மெதுவாகத் தொட்டு எழுப்புங்கள். 10 வினாடிக்குள் தெளிந்துவிட்டால் 0. தெளியாமல் மறுபடி சொருகினால் நேரே 4, மற்ற கேள்விகளைத் தாண்டியே பாசிட்டிவ். நான்காவது பகுதிக்கு நோயாளியிடம் விடை கிடைக்காது, கூட இருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்: "ரெண்டு வாரத்துக்குள்ள ஆள் மாறிட்டாரா? அந்த மாத்தம் நேத்துலேருந்து இன்னிக்கு வரைக்கும் தெரியுதா?" கூட இருப்பவர் இன்று காலைதான் வந்த பேரன் என்றால், வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு போன் போடுங்கள். இந்த ஒரு கேள்விக்கு 4 மதிப்பெண். இதை ஊகித்து எழுதினால் மொத்தத் தாளும் வீண்.

மருந்தாளுநர்:
காரணப் பட்டியலில் மருந்துச் சீட்டைக் கடைசியில் வைக்காதீர்கள். அரிப்புக்கு என்று போடும் ஃபெனிராமைன் ஊசி, தூக்கத்துக்கு அல்பிரசோலம், கை நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில், நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின் எல்லாமே முதியவரைக் குழப்பத்தில் தள்ளக்கூடியவை. ஆனால் பல வருடமாக அல்பிரசோலம் எடுப்பவருக்கு அட்மிஷனில் திடீரென்று நிறுத்தினாலும் டெலிரியம் வரும். மது அருந்துபவருக்கும் அதேதான். ஹேலோபெரிடாலைப் பொறுத்தவரை, பார்கின்சன் நோயாளிக்கு அதைத் தொடவே கூடாது.

பொது மருத்துவர்:
3, 4 கணக்கை ஏற்கிறேன். பாட்டிகள் பற்றிய பயம் எனக்கும் இருந்தது. இடுப்பெலும்பு முறிவு, ஏற்கெனவே மறதி நோய், கடும் நோய் ஆகியவற்றோடு வருபவருக்கு அட்மிஷனில் போடுங்கள், மறுக்கவில்லை. ஒவ்வொரு ஷிப்டிலும் 4ஏடி என்றால் ஒப்புக்கொள்ளமாட்டேன். மூன்றாவது நாளில் நோயாளியைப் பார்க்காமலேயே முந்தைய ஷிப்டின் 0 அப்படியே காப்பி ஆகும். தவறான 0 எழுதியிருப்பது, எதுவும் எழுதாமல் விடுவதைவிட ஆபத்து.

வார்டு இன்சார்ஜ்:
ஷிப்டுதோறும் 4ஏடி நானும் கேட்கவில்லை. நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டும் நியூஸ்2 (NEWS2) அட்டவணையில் 'புதிய குழப்பம்' என்ற ஒரு கட்டம் 2017 முதலே இருக்கிறது, அதற்கு மட்டுமே 3 மதிப்பெண். ஷிப்ட் மாறும்போது பி.பி., நாடித்துடிப்போடு அதை நிரப்பட்டும், கூட இருப்பவரிடம் "நேத்து மாதிரி இருக்காரா?" என்று கேட்கட்டும். மாற்றம் என்றால் மட்டும் 4ஏடி. ஆனால் 65 தாண்டிய எல்லோருக்கும் முதல் நாள் ஒரு முறை போட்டே ஆகவேண்டும். அந்த அடிப்படை அளவு இல்லாவிட்டால் மூன்றாம் நாள் எதோடு ஒப்பிடுவது?

பொது மருத்துவர்:
அப்படியென்றால் ஒரு நிபந்தனை. 4ஏடி தாளின் அடியிலேயே சுகர், ஆக்சிஜன், சிறுநீர், மலம், வலி, மருந்துச் சீட்டு என்று ஆறு கட்டம் அச்சிடுங்கள். ஆறும் நிரம்பி, பேசி ஆற்றுப்படுத்தியும் பார்த்துவிட்டு, நோயாளிக்கோ மற்றவருக்கோ ஆபத்து இருந்தால் மட்டும் குறைந்த அளவு ஹேலோபெரிடால், அதுவும் சீனியர் கையெழுத்தோடு. கையைக் கட்டுவதற்கு அந்தத் தாளில் இடமே இருக்கக்கூடாது. இதற்கு உங்கள் வார்டு ஒத்துக்கொண்டால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

வார்டு இன்சார்ஜ்:
ஆறு கட்டம் சரி. சீனியர் கையெழுத்து இரவு 2 மணிக்கு எப்படிக் கிடைக்கும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள் டாக்டர்.